அடுப்புல வைக்கற மண் பாத்திரத்தை வீல்ல வனையக் கத்துத்தர்ற கோர்ஸ்: சமைச்சுப் பாத்துட்டு எழுதற ரிவ்யூ

இந்த கோர்ஸ் முடிச்சு கொஞ்ச காலம் ஆச்சு, உடனே ரிவ்யூ போட வேணாம்னுதான் இருந்தேன். கப்பு, பூ ஜாடின்னா சூளைலேர்ந்து வெளிய எடுத்த அன்னிக்கே நல்லா வந்திருக்கா இல்லையான்னு சொல்லிடலாம், சமையல் பாத்திரம் அப்படி இல்ல, அடுப்புல ஏத்தி, எறக்கி, கழுவி, காயவச்சு, மறுபடி ஏத்தி, இப்படியே ஓடினாதான் அதோட லட்சணம் தெரியும். இப்ப நான் அங்க வனைஞ்ச பாத்திரங்கள் தெனமும் அடுப்புல இருக்கு, விரிசல் இல்ல, அடி கசியல, மூடி ஆடல, அதனால நம்பி எழுதறேன். முடிவை மொதல்லயே சொல்லிடறேன். பாத்திரத்தோட அடிய எப்படி பண்ணணும்னு இவ்ளோ பொறுமையா சொல்லித்தர்ற இடத்தை நான் வேற எங்கயும் பாக்கல, அதுக்காகவே போகலாம். கிளேஸ், அதாவது மண் மேல பூசி சுட்டா கண்ணாடி மாதிரி ஆகற பூச்சு, அதைக் கத்துக்கணும்னு போறவங்களுக்கு ஏமாத்தம்தான். அதோட அவங்க உடனே சரி பண்ண வேண்டிய ஒரு பெரிய குறையும் இருக்கு, அது கீழ வருது, அதை மட்டுமாவது படிச்சுட்டுப் போங்க.

ஒரு விஷயம் தெளிவு பண்ணிடறேன். கடைல செராமிக்னு போட்டு வர்ற நான்ஸ்டிக் தவாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அது அலுமினியம் மேல பூசின மெல்லிசான சிலிக்கா கோட்டிங், உள்ள மண்ணே கிடையாது. இங்க சொல்லித்தர்றது முழுக்க மண்ணுல வனைஞ்சு, சுட்டு, நேரா நெருப்பு மேல வைக்கற பாத்திரம். மூணு வடிவம் இருக்கு, மூடி போட்ட ஆழமான பாத்திரம், அகலமான தாழ்ந்த சட்டி, பக்கத்துல கைப்பிடி வச்ச சின்ன பாத்திரம். சேரும்போதே மண்ணை சென்டர் பண்ண, அதாவது சுத்தற வீலோட நடுவுல ஆடாம நிறுத்த, தெரியுமான்னு கேக்கறாங்க, தெரியாதுன்னா பேசிக் கிளாஸ் முடிச்சுட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிடறாங்க. இது எனக்கு ரொம்ப பிடிச்சுது, ஏன்னா சென்டரிங்கே வராத ஆளு சமையல் பாத்திரம் பண்ணினா ஒரு பக்கம் தடிப்பும் ஒரு பக்கம் மெல்லிசும் வந்து அது அடுப்புல நிக்கவே நிக்காது.

மொத வகுப்புல வீல் பக்கமே விடல. மேசை மேல மூணு மண் உருண்டை, பக்கத்துல ஒரு டப்பா நிறைய உடைஞ்ச பாத்திரத் துண்டு. மாஸ்டர் ஆளுக்கு ஒரு துண்டு கைல குடுத்து, "எங்கேர்ந்து உடைய ஆரம்பிச்சிருக்குன்னு பாத்து சொல்லுங்க"ன்னாரு. திருப்பித் திருப்பிப் பாத்தா முக்கால்வாசி துண்டுல விரிசல் கிளம்பின எடம் ஒண்ணேதான், அடியும் சுவரும் சேர்ற மூலை. மிச்சம் கொஞ்சத்துல அடில இருக்கற வளையம், அதாவது கீழ உக்காரறதுக்காக செதுக்கி விடற அந்த ஃபுட் ரிங், அங்கேர்ந்து. வாயிலேர்ந்தோ வயித்துலேர்ந்தோ ஆரம்பிச்சது ரொம்ப கம்மி. அந்த டப்பாவைப் பாத்ததுக்கு அப்புறம் எந்த பாத்திரத்தை எடுத்தாலும் மொதல்ல கவுத்து அடியதான் பாக்கறேன், அந்த பழக்கம் இந்த கோர்ஸ் குடுத்ததுதான்.

அப்புறம் ஏன் உடையுதுன்னு சொன்னாரு, அதை கொஞ்சம் விரிவாவே எழுதறேன், ஏன்னா மண் பாத்திரம் வாங்கறவங்களுக்கும் இது உபயோகப்படும். வெப்பத்தைக் கடத்தற அளவுன்னு ஒண்ணு இருக்கு இல்ல, அலுமினியத்துக்கு அது 237 பக்கம், இரும்புக்கு 80 பக்கம், சுட்ட மண்ணுக்கு வெறும் 1, 2 தான். அப்ப நெருப்பு படற எடத்துல மட்டும் சூடு தேங்கி நிக்குது, ஒரு விரல் தள்ளி இருக்கற எடம் இன்னும் ஜில்லுனு இருக்கு, சூடான எடம் விரியப் பாக்குது, பக்கத்துல இருக்கற மண் விட மாட்டேங்குது. சுட்ட மண் அமுக்கத்தை நல்லா தாங்கும், இழுவைய தாங்கவே தாங்காது, அதனால எங்க தடிப்பு திடீர்னு மாறுதோ, எங்க கூர்மையான மூலை இருக்கோ, அங்க பிச்சுக்குது.

இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மணலோ, சுட்டு இடிச்ச மண் தூளோ, மைக்காவோ கலந்து 1000 டிகிரிக்கு கீழயே சுட்டு, மண்ணை முழுசா இறுக விடாம நுண்துளையோட விடறது, ஒரு விரிசல் கிளம்பினாலும் அடுத்த துளைல போய் முட்டி நின்னுடும். உலகம் பூரா பழைய காலத்து சமையல் பாத்திரம் பெரும்பாலும் இந்த வழிதான். இன்னொண்ணு, சூட்டுல விரியவே விரியாத மாதிரி மண்ணைக் கலக்கறது. இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டது 1200 டிகிரிக்கு மேல சுடற சாதா ஸ்டோன்வேர். தட்டு, கப்பு, ஓவன் பாத்திரம் எல்லாத்துக்கும் அருமையான மண், தண்ணி உறிஞ்சாது, கெட்டியா இருக்கும், ஆனா நேரடி நெருப்புக்கு ஆகாது. அதுல ஒட்டாம மிச்சம் இருக்கற சிலிக்கா சூளைல நீண்ட நேரம் இருந்தா கிறிஸ்டோபலைட்னு ஒரு படிகமா மாறிடும், அது 226 டிகிரி பக்கம் சட்டுனு அளவு மாறற ஜாதி. குவார்ட்ஸும் அப்படித்தான் குதிக்கும், ஆனா அது 573 டிகிரில, அந்த சூடு சூளைல மட்டும்தான் வரும். 226 டிகிரி நம்ம அடுப்புலயே தெனமும் வர்ற சூடு. நிறைய பேர் "ஸ்டோன்வேர்தானே, கல்லு மாதிரி இருக்கே"ன்னு அடுப்புல வச்சு உடைக்கறதுக்கு காரணம் இதுதான்.

விரியாத மண்ணுல லித்தியம் கலந்த கனிமம் போடறாங்க, ஸ்போடுமீன் இல்லன்னா பெட்டலைட். ஸ்போடுமீனை அப்படியே பச்சையா போட்டா சூளைல 1080 டிகிரி பக்கம் அதோட படிக அமைப்பு மாறி கன அளவு 30 சதவீதம் வரைக்கும் ஊதிடும், அதனால முன்னாடியே சுட்டு மாத்தினதை வாங்கணும், இல்லன்னா பெட்டலைட் போடணும், இங்க பெட்டலைட்தான். கார்னிங் கம்பெனில டொனால்ட் ஸ்டூக்கி 1953ல ஒரு ஃபர்னஸ் தப்பா சூடேறினப்ப தற்செயலா கண்டுபிடிச்ச கண்ணாடி செராமிக்கும், 1958ல அதை வச்சு வந்த வெள்ளை கார்னிங்வேர் பாத்திரங்களும் இதே லித்தியம் குடும்பம்தான், அதுல இருந்ததும் பீட்டா ஸ்போடுமீன் படிகம்தான்னு சொன்னப்ப எனக்கு சிலிர்த்துடுச்சு. அது அச்சுல வார்த்தது, இது கைல வனையறது, உள்ள வேலை செய்யற விஷயம் ஒண்ணு. அமெரிக்கால கேரன் கார்ன்ஸ்னு ஒரு அம்மா 1950கள் கடைசிலேர்ந்து நெருப்பு தாங்கற மண்ணுல வீல்ல வனைஞ்சு மூடி போட்ட பாத்திரம் பல வருஷம் பண்ணிட்டு இருந்தாங்க, அவங்க பாத்திரங்களோட படத்தையும் காமிச்சாரு. மூடி மேல இருக்கற அந்த கைப்பிடிய நீங்களும் தேடிப் பாருங்க, மூடியோட மண்ணுலேர்ந்தே எழுந்து வந்த மாதிரி இருக்கும்.

இந்த லித்தியம் மண்ணு வீல்ல எப்படி இருக்குன்னா, சொல்லப்போனா முரட்டு மண்ணு. கனிமம் நிறைய இருக்கறதால பசை கம்மி, தண்ணிய கொஞ்சம் அதிகமா விட்டா உடனே தொய்ஞ்சு உக்காந்துடும், விளிம்பை இழுக்கும்போது சின்ன சின்னதா பிளக்கும். ரொம்ப நேரம் கை வச்சுட்டே இருந்தா களைச்சுப் போயிடும், மூணு நாலு இழுப்புக்குள்ள சுவர் எழும்பியாகணும். அதனால மொதல்ல சாதா மண்ணுல பழக்கிட்டு அப்புறம்தான் இதைக் கைல குடுக்கறாங்க. இந்த வரிசைய மாத்தவே கூடாது, நேரா இதுல ஆரம்பிச்சிருந்தா பாதி பேர் ஓடிப்போயிருப்பாங்க.

வீல்ல உக்காந்த அப்புறமும் பாதி நேரம் அடிதான். மண்ணை சென்டர் பண்ணி, குழி எடுத்து, அகலமா திறந்ததும் மத்த கிளாஸ்ல உடனே சுவரை இழுக்கச் சொல்லுவாங்க, இங்க நிறுத்திடறாங்க. ரிப்புன்னு சொல்ற தட்டையான தேய்க்கற பட்டையை எடுத்து நடுவுலேர்ந்து ஓரத்துக்கு, ஓரத்துலேர்ந்து நடுவுக்குன்னு அடிய அமுக்கி அமுக்கி இறுக்கணும். சுவரை இழுக்கும்போது அதோட மண் துகள் எல்லாம் வரிசையா படிஞ்சு இறுகுது, அடிக்கு அந்த இழுப்பு கிடையாது, நம்ம அமுக்கலன்னா அது தளர்ந்த மண்ணாவே இருந்து, காயும்போது அதிகமா சுருங்கி நடுவுல எஸ் மாதிரி வளைஞ்சு ஒரு விரிசல் விடும். பூ ஜாடில அந்த விரிசல் வந்தா தூக்கிப் போட்டுட்டுப் போகலாம், சமையல் பாத்திரத்துல அது கண்ணுக்குத் தெரியாம உள்ள இருந்துட்டு சூடு பட்ட அன்னிக்குதான் வாயத் திறக்கும்.

இந்த கோர்ஸ்ல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் அறுக்கறது. சுவர் எழும்பி, வயிறு வந்து, நமக்கே ஒரு சந்தோஷம் வர்ற நேரமா பாத்து மாஸ்டர் வயரோட வந்து நிப்பாரு. வீலை நிறுத்தச் சொல்லி, வயரை ரெண்டு கைலயும் இழுத்துப் பிடிச்சு விளிம்புலேர்ந்து நேரா கீழ எறக்குவாரு, பாத்திரம் ரெண்டாயிடும், ஒரு பாதிய வழிச்சு எடுத்துடுவாரு. என் பக்கத்து வீல்ல இருந்தவங்க "ஐயோ மாஸ்டர், நல்லா வந்திருந்துச்சே"ன்னாங்க. "வெளிய நல்லாதான்மா இருக்கு, உள்ள பாப்போம் வாங்க"ன்னு எல்லாரையும் கூப்பிட்டாரு. அறுத்த முகம் ஈரமா பளபளன்னு இருந்துச்சு, அதுல சுவரோட முழு கதையும் தெரிஞ்சுது, விளிம்பு பக்கம் ஒழுங்கா 6 மில்லிமீட்டர், நடு வயித்துல 4 தான், கீழ மூலைல ஒரு முக்கோணம் மாதிரி மண் அப்படியே தங்கி 13, 14 மில்லிமீட்டர் தடிப்பு. நீடில் டூலால அந்த முக்கோணத்தை சுத்தி கோடு போட்டு, "இந்த எடத்துல சூடு ஏறவும் லேட் ஆகும், எறங்கவும் லேட் ஆகும், பக்கத்துல இருக்கற மெல்லிசான சுவர் அதுக்காக காத்துட்டு இருக்காதும்மா, பிச்சுக்கிட்டுப் போயிடும்"னாரு. அதுக்கப்புறம் அந்த அம்மா வனைஞ்ச எந்த பாத்திரத்துலயும் கீழ மண்ணு தங்கல, ஒவ்வொரு இழுப்பையும் வீல் தட்டைத் தொட்டு ஆரம்பிச்சாங்க. நமக்கும் அதே கதைதான், வாயால நூறு தடவ சொன்னாலும் ஏறாதது ஒரு தடவ அறுத்துப் பாத்தா ஏறிடுது.

ஒண்ணு சொல்லணும், மனசு கஷ்டப்படறவங்களுக்கு இது கஷ்டமா இருக்கும். பாதி கோர்ஸ் வரைக்கும் எதையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது, எல்லாம் அறுபட்டு மறுபடி மண் தொட்டிக்குப் போயிடும். போட்டோ எடுக்கறதுக்காக வர்றவங்க இதை யோசிச்சுக்கங்க. என்னைக் கேட்டா இதுதான் சரி, சுவர் 5, 6 மில்லிமீட்டர், அடி அதை விட ஒரு நூல் அதிகம், எங்கயும் திடீர்னு மாறக்கூடாதுன்னு கை தானா அளக்க ஆரம்பிக்கறது இந்த அறுவைலதான்.

வடிவத்துலயும் அதே நியாயம். மூலை கூர்மையா இருக்கக் கூடாது, உள்ளயும் வெளியயும் வளைஞ்சு ஓடணும், உள் வளைவுக்கு சிறுநீரக வடிவத்துல இருக்கற ரிப் குடுக்கறாங்க, அதை மூலைல வச்சு மெதுவா மேல ஏத்தினா அந்த வளைவு தானா வந்துடுது. அடில ஃபுட் ரிங் கிடையாது. அழகுக்கு அது நல்லாதான் இருக்கும், ஆனா வளையம் ஒரு தடிப்பு, நடு அடி ஒரு தடிப்புன்னு ஆகி நெருப்புல ரெண்டும் வேற வேற மாதிரி விரியும். தட்டையா இல்லன்னா ரொம்ப லேசா உள்ள குழிஞ்ச மாதிரி அடி, அதோட ஓரத்தை ட்ரிம்மிங்ல, அதாவது பாதி காஞ்சதும் செதுக்கற வேலைல, உருட்டி விடறது, அவ்ளோதான். தாழ்ந்த அகல சட்டிய பேட் மேல, அதாவது வீல்லேர்ந்து கழட்டி எடுக்கற பலகை மேல, வச்சு வனையணும், ஈரமா தூக்கினா கோணிடும். தூக்கும்போது கோணி, அப்புறம் தட்டி நேராக்கினாலும் அந்தக் கோணலை மண்ணு ஞாபகம் வச்சிருந்து சூளைல திரும்ப காட்டும், இது நிஜமாவே நடக்குது, எங்க பேட்ச்லயே ஒரு சட்டி அப்படி வந்துச்சு.

மூடிக்கு தனி வகுப்பு, அதுவும் நல்லா இருந்துச்சு. விளிம்பை ரெண்டா பிளந்து உள்பக்கத்தை அமுக்கினா மூடி உக்கார ஒரு படி வரும், அதை காலிபரால அளந்து, மூடிய அதே நாள்ல, அதே மண்ணுல, அதே ஈரத்துல வனையணும். மண் மொத்தமா 12 சதவீதம் சுருங்கும்னு வச்சுக்கங்க, முடிஞ்ச பாத்திரத்தோட வாய் 20 சென்டிமீட்டர் வேணும்னா ஈரத்துல 22.7 வனையணும், 20ஐ 0.88ஆல வகுத்தா வந்துடும், 20 கூட 12 சதவீதத்தைக் கூட்டினா 22.4தான் வரும், அந்த மூணு மில்லிமீட்டர்லதான் பல மூடி மாட்டிக்குதுன்னு போர்டுலயே போட்டுக் காமிச்சாரு. மூடியும் பாத்திரமும் சேந்தே காயணும், பிஸ்க்கும், அதாவது கிளேஸ் பூசறதுக்கு முன்னாடி சுடற மொத சுடுதலும், சேந்தே சுடணும், அப்பதான் ரெண்டும் ஒண்ணா கோணி ஒண்ணா பொருந்தும். ஆவி போக மூடில ஒரு ஓட்டை, அதை மண்ணு கொஞ்சம் இறுகின அப்புறம் போடணும்.

கைப்பிடி பாகம் அவசர அவசரமா முடிஞ்சு போச்சு. பக்கக் கைப்பிடிய குழாய் மாதிரி வீல்லயே வனைஞ்சு வெட்டி ஒட்டறது காமிச்சாங்க, உள்ள காலியா இருக்கறதால சீக்கிரம் சூடாகாது, நல்ல யோசனைதான், ஆனா ஒட்டற எடத்துல கீறி, குழம்பு மண் தடவி, அழுத்தி, உள்பக்கம் தாங்கிப் பிடிக்கறது எல்லாம் ஒருத்தர் ஒருத்தரா உக்காந்து பழக வேண்டிய விஷயம். எல்லாரும் சுத்தி நின்னு பாத்ததோட சரி. நெறைஞ்ச பாத்திரத்தை ஒத்தக் கைப்பிடில தூக்கும்போது அந்த ஒட்டுதான் மொத்த எடையையும் தாங்குது, இதுக்கு இன்னும் ஒரு வகுப்பு குடுத்தே ஆகணும்.

இப்ப கிளேஸ். இது பலவீனமான பகுதி, மறைக்க விரும்பல. விரியாத மண்ணு மேல சாதா கிளேஸ் போட்டா, ஆறும்போது கிளேஸ் அதிகமா சுருங்கும், மண்ணு சுருங்காது, அதனால கிளேஸ் முழுக்க மயிரிழை விரிசலா ஓடும். அதுக்குன்னே விரிவு கம்மியான கிளேஸ் கலக்கணும். அவங்ககிட்ட உள்பக்கம் பூசறதுக்கு ஒரு வெள்ளை கிளேஸ் ரெடியா பக்கெட்ல இருக்கு, நல்ல கிளேஸ், என் பாத்திரங்கள்ல ஒரு மயிரிழை கூட ஓடல, ஆனா அதுல என்ன இருக்கு, எப்படி கலந்தாங்க, வேற மண்ணுக்கு எப்படி மாத்தறதுன்னு கேட்டா பதில் வரல. முக்கி எடுங்க, அடிய துடைங்க, அவ்ளோதான். வெளிப்பக்கம் பூசவே வேணாம்னு சொன்னது சரியான அட்வைஸ், நெருப்பு படற பக்கம் வெறும் மண்ணாவே இருக்கறது நல்லது. ஆனா இங்க கத்துட்டு சொந்தமா வீல் போட நினைக்கறவங்களுக்கு கிளேஸ் தெரியாம பாதி வேலைதான் கைல இருக்கும்.

அதுலயும் சாப்பாடு படற பரப்புக்கு ஒரு பொறுப்பு இருக்கு. ஐரோப்பால 1984ல வந்த விதிப்படி சமையல் பாத்திரத்துலேர்ந்து கரையற ஈயம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், காட்மியம் 0.1 மில்லிகிராம், இதுக்கு மேல போகக் கூடாது. 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 22 டிகிரில 24 மணி நேரம் ஊத்தி வச்சு லேப்ல அளப்பாங்க. ஸ்டூடியோ தன்னோட கிளேஸுக்கு அந்த மாதிரி ஒரு லேப் ரிப்போர்ட் எடுத்து சுவத்துல ஒட்டினா எவ்ளோ நிம்மதியா இருக்கும். ஈயம் போடலன்னு வாயால சொல்றாங்க, நான் நம்பறேன், ஆனா சமையல் பாத்திரம் சொல்லித்தர்ற எடத்துல காகிதமும் இருக்கணும். வீட்டுல வினிகரை ராத்திரி பூரா ஊத்தி வச்சுப் பாத்தேன், நிறமும் மாறல, பளபளப்பும் போகல. கிளேஸ் ரொம்ப மோசமா இருந்தா அதுல தெரிய வாய்ப்பு இருக்கு, ஆனா அது லேப் டெஸ்டுக்கு பதில் ஆகாது, அதையும் சொல்லிடணும்.

நான் மேல சொன்ன பெரிய குறை இதுதான். அங்க ஒரே சூளைல சாதா ஸ்டோன்வேரும் லித்தியம் மண்ணும் சேந்து வேகுது, ரெண்டும் வெளிய வரும்போது பாக்க கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கு, ரெண்டும் மங்கின வெளிர் நிறம், ரெண்டும் உள்ள வெள்ளை. அடில எந்த குறியும் இல்ல. பழகறதுக்காக சாதா மண்ணுல வனைஞ்சதுல நல்லா வந்த ஒண்ணு ரெண்டை சுட்டுத் தராங்க, அதை ஓவன்ல மட்டும்தான் வைக்கணும்னு வாயால சொல்றாங்க, ஷெல்ஃப்ல எல்லாரோடதும் கலந்து கிடக்கு. ஒருத்தர் எது எதுன்னு தெரியாம தன்னோடதைத் தேடிட்டு இருந்ததை நானே பாத்தேன். கொதிக்கற பாத்திரம் அடுப்புல பிளந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, வீட்டுல குழந்தை இருக்கும், பெரியவங்க இருப்பாங்க. மண்ணு ஈரமா இருக்கும்போதே அடில ஒரு முத்திரை, நெருப்புக்கு ஒண்ணு, ஓவனுக்கு ஒண்ணு, ரெண்டு செகண்ட் வேலை. மாஸ்டர்கிட்ட சொன்னேன், "நியாயம்தான், பண்ணிடலாம்"னாரு, அடுத்த பேட்ச்ல பண்ணினாங்களான்னு போனவங்க சொல்லுங்க. அதுவரைக்கும் நீங்களே நீடிலால அடில உங்க பேரும் மண்ணோட பேரும் கீறி வச்சுடுங்க.

எடம், சாமான் எல்லாம் ஓகே. வீல் எல்லாம் எலக்ட்ரிக், மோட்டர் நல்ல பலம், பெரிய மண் உருண்டைய சென்டர் பண்ணும்போது அழுத்தினாலும் வேகம் குறையல. ஜன்னல் பக்கம் இருக்கற ஒரு வீலோட பெடல் மட்டும் மெதுவா அமுக்கினா ஓடாது, கொஞ்சம் விட்டா பாயும், விளிம்பு முடிக்கற நேரத்துல அது பெரிய தொல்லை, சீக்கிரம் போய் வேற வீல் பிடிச்சுக்கங்க. தரைய ஈரத்துணி போட்டுதான் துடைக்கறாங்க, காஞ்ச மண்ணைப் பெருக்க விடறது இல்ல, சிலிக்கா தூசி நுரையீரலுக்கு எவ்ளோ கெடுதல்னு தெரிஞ்சு செய்யறாங்க, இதுக்கு முழு மார்க். காயவைக்கற ரூமும் நல்லா பாத்துக்கறாங்க, அகல சட்டிய பிளாஸ்டிக் மூடி மெதுவா காயவிட்டு, விளிம்பு இறுகினதும் கவுத்து வைக்கறது வரைக்கும் அவங்களே செஞ்சாங்க, அதனாலதான் எங்க பேட்ச்ல காயும்போது விரிசல் விட்டது ரொம்ப கம்மி. சூளைக்கு மட்டும் ரொம்ப நாள் காத்திருக்கணும், சூளை நெறையற வரைக்கும் போட மாட்டாங்க, எப்ப வரும்னு கேட்டா நாமளே போன் பண்ணிப் பண்ணிக் கேக்கணும், ஒரு மெசேஜ் போட்டா போதும்.

சமையல்ல எப்படின்னா, லித்தியம் மண்ணுல பண்ணின ஆழமான பாத்திரம்தான் என்னோட செல்லம். சூடாக நேரம் எடுக்கும், ஆரம்பத்துல தீயை சின்னதா வச்சு அப்புறம் ஏத்தணும், வெறும் பாத்திரத்தை சூடு பண்ணக் கூடாது. ஏறிட்டா அப்புறம் தீயைக் குறைச்சாலும் கொதி நிக்காது, அடுப்பை அணைச்ச அப்புறமும் ஓரமா கொஞ்ச நேரம் குமிழ் விட்டுட்டே இருக்கும், அதைப் பாக்க எனக்கு அலுக்கவே இல்ல. அதே பழக்கம் இருக்கறதால கொஞ்சம் முன்னாடியே அணைக்கணும். மெதுவா வேக வேண்டிய எல்லாத்துக்கும் இது தங்கம், அதிக தீயில சட்டுனு வதக்கறதுக்கு இது சரிப்படாது, நெருப்பு படற எடத்துல மட்டும் பிடிச்சுக்கும், அது இந்தப் பொருளோட குணம். தாழ்ந்த சட்டிய இரும்புத் தட்டு மேல வச்சு உபயோகிக்கறேன், சூடு பரவலா போகுது. இண்டக்ஷன்ல இது வேலை செய்யாது. மூடி நல்லா படியுது, விளிம்புல ஈரம் கட்டி அதுவே ஒரு சீல் மாதிரி ஆயிடுது.

தண்ணி எவ்ளோ உறிஞ்சுதுன்னும் பாத்தேன், காஞ்ச எடை எடுத்து, கொதிக்க வச்சு, ஒரு நாள் ஊறவிட்டு, துடைச்சு மறுபடி எடை போட்டா வித்தியாசம் தெரியும். சாதா ஸ்டோன்வேர்ல கிட்டத்தட்ட ஒண்ணும் ஏறல, லித்தியம் மண்ணு கொஞ்சம் உறிஞ்சுது, அடி பூசாம இருக்கறதால அந்த வழியா போகுது. அதனால கழுவின உடனே அடுப்புல ஏத்தாம காயவிட்டு ஏத்தறேன், உள்ள மாட்டின தண்ணி ஆவியாகும்போது மண்ணைத் தள்ளும். இதை கோர்ஸ்ல ஒரு தாள்ல பிரிண்ட் பண்ணிக் குடுத்திருக்கலாம், மாஸ்டர் வேலையோட வேலையா சொன்னதை நான் குறிச்சு வச்சதுதான் கைல இருக்கு.

யார் போகலாம்னா, சென்டரிங் வந்துடுச்சு, கப்பு கிண்ணம் எல்லாம் பண்ணிட்டேன், அடுத்து உபயோகமா ஏதாவது பண்ணணும்னு நினைக்கறவங்க கண்ணை மூடிட்டுப் போங்க. மண் பாத்திரம் பண்ணி விக்கணும்னு இருக்கறவங்களும் போங்க, ஆனா கிளேஸை வேற எடத்துல தனியா கத்துக்கங்க. ஒரு நாள்ல ஒரு பாத்திரம் பண்ணி எடுத்துட்டு வரணும்னா இது அந்த மாதிரி எடம் இல்ல. நகத்தை ஒட்ட வெட்டிட்டுப் போங்க, அந்த மண்ணுல இடிச்ச துகள் இருக்கறதால உள்ளங்கை ஓரம் தேயும், ராத்திரி கொஞ்சம் எண்ணெய் தடவிக்கங்க. அப்புறம் சேர்றதுக்கு முன்னாடியே இந்த பேட்ச்ல லித்தியம் மண் இருக்கான்னு போன்ல கேட்டுடுங்க. பேட்டரிக்கு லித்தியம் போக ஆரம்பிச்சதுலேர்ந்து பெட்டலைட் சரியா கிடைக்கறது இல்லன்னு அவங்களே சொல்றாங்க, அது வராத பேட்ச்ல ஸ்டோன்வேர்லயே முடிச்சுடறாங்க, அப்படி ஆனா ஓவன் பாத்திரம்தான் கைக்கு வரும், அடுப்புல வைக்க முடியாது.